அடியில் தங்கிய வண்ணம்

மினியேச்சர் என்றதும் இந்தியாவில் பலருக்கு நினைவுக்கு வருவது ராஜஸ்தான், காங்கிரா பாணி ஓவியங்கள். இது வேறு. கட்டைவிரலின் மேல் கணு உயரமே உள்ள, 28 மி.மீ. போர்வீரர்கள், பூதங்கள், குதிரைகள். பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ வார்த்த இந்தப் பொம்மைகளுக்கு வீட்டு மேஜையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுவது பிரிட்டனில் வேரூன்றிய பொழுதுபோக்கு. இந்திய நகரங்களிலும் இப்போது இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவரின் கவலையெல்லாம் கை நடுங்கக்கூடாதே என்பதுதான். ஆனால் முதல் தோல்வி பெரும்பாலும் பாட்டிலில் இருந்து வருகிறது. பளபளப்பில்லாத 'மேட்' ரகப் பழுப்பு நிறத்தை ஆசையாக வாங்கி, பேருக்கு இரண்டு முறை ஆட்டி, சிப்பாயின் தோல் வாரில் தீட்டுகிறார். காய்ந்தால் எண்ணெய் தடவியதுபோல மின்னுகிறது. அல்லது அடி நிறம் பல்லிளிக்கிறது. தனக்குக் கை வரவில்லை என்று முடிவு கட்டி, பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார். கைமேல் ஒரு குற்றமும் இல்லை.

பெயிண்ட் என்பது ஒரே பொருள் அல்ல. நீரில் கரையும் அக்ரிலிக் ரகத்தில் நிறப்பொடி, அதைப் பிடித்து ஒட்டவைக்கும் பிசின், தண்ணீர் ஆகியவை உண்டு. 'மேட்' ரகமானால் பளபளப்பைக் குறைக்க நுண்ணிய சிலிக்கா போன்ற ஒரு பொடியும் சேரும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும்போது கனமானவை அடியில் இறங்கிவிடும். வெள்ளைக்கு நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்ஸைடு தண்ணீரைவிடச் சுமார் 4 மடங்கு கனம். வெள்ளை பாட்டில்கள் அதிகம் படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். மேலே தெளிந்து நிற்பது வெறும் பிசின் தண்ணீர். சிப்பாயின் வாரில் மின்னியது அதுதான்.

அன்றைய பொம்மை கெட்டால் துடைத்துவிட்டு மறுபடி தீட்டலாம். பாட்டிலுக்கு அந்தச் சலுகை இல்லை. மேலே நிற்கும் பிசினைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துவிட்டால், மிஞ்சுவது பிசின் குறைந்த குழம்பு. பிறகு எவ்வளவு ஆட்டினாலும் பழைய விகிதம் திரும்பாது. வெறும் தண்ணீர் ஊற்றுவதும் தீர்வல்ல. பிடிமானம் இன்னும் குறையும். 17, 18 மி.லி. பாட்டிலுக்குக் கொடுத்த விலையை நினைத்தால் வயிறு எரியும்.

ராஜஸ்தான் ஓவியருக்கு இந்தத் தொல்லை குறைவு. கல்லைத் தானே அரைத்து, கருவேலம் பிசின் சேர்த்து, கிளிஞ்சலில் விரலால் குழைப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது விரலுக்கே தெரியும். பாட்டில் வாங்குபவரோ, கலக்கும் வேலையைத் தொழிற்சாலை முடித்துவிட்டதாக நம்புகிறார்.

வழி ஒன்றும் பிரமாதமில்லை. தீட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே, மூடியை இறுக்கிப் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினால் அடிமண்டி இளகும். பிறகு மத்தால் மோர் கடைவதுபோல இரு உள்ளங்கைகளுக்கும் இடையே உருட்ட வேண்டும். வெறிகொண்டு குலுக்கினால் நுரை கட்டும். அந்தக் குமிழிகள் பொம்மையின் முகத்தில் உடைந்து அம்மைத் தழும்பாக நிற்கும். பழைய பாட்டிலுக்குக் குலுக்கல் தேவைதான், ஆனால் நுரை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு சிறு குண்டு போட்டால் வேலை எளிது. சில கம்பெனிகள் இப்போது குண்டைப் போட்டே விற்கின்றன. சைக்கிள் கடை பால்ரஸ் குண்டு மட்டும் வேண்டாம், துருப்பிடித்து நிறத்தைக் கெடுக்கும். நல்ல எவர்சில்வர் குண்டோ கண்ணாடி மணியோ சரி.

தகர டப்பாவில் வரும் எனாமலுக்கு வேறு சட்டம். 1919-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் எண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய ஹம்ப்ராலின் குட்டி டப்பாக்கள் பல தலைமுறைப் பையன்களுக்குப் பழக்கம். அதைக் குலுக்கினால் மூடி விளிம்பில் பெயிண்ட் ஒட்டிக் காய்ந்து, அடுத்த முறை மூடி சரியாக அமராது. தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளற வேண்டும். குச்சி நுனியில் கட்டி வராதவரை கிளறலாம்.

இரண்டு நிறங்களைக் கலப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரே நீல அங்கி அணிந்த 10 சிப்பாய்களுக்கு, வெள்ளை 3 சொட்டு, நீலம் 1 சொட்டு என்று நோட்டில் குறித்து வைப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம். ஆனால் சரியாகக் கலக்காத பாட்டிலில் இன்றைய சொட்டும் நாளைய சொட்டும் ஒன்றல்ல. ஆறாவது சிப்பாய் வேறு படையைச் சேர்ந்தவன்போல் நிற்பான்.

கடைசி ஆபத்து கடைசியில்தான் வருகிறது. தீட்டி முடித்த பொம்மைக்குப் பாதுகாப்பாக மேட் வார்னிஷ் பூசுவார்கள். பளபளப்பை அடக்கும் பொடி அதிலும் உண்டு, அதுவும் அடியில் தங்கும். தெளிவாகத்தானே இருக்கிறது என்று இதை யாரும் ஆட்டுவதில்லை. ஆரம்பத்தில் மேல்பகுதி செலவாகிறது, பொம்மைகள் மினுங்குகின்றன. ஒரு நாள் அடிப்பகுதியின் முறை வரும். காய்ந்ததும் பொம்மை முழுக்கத் திருநீறு பூசினாற்போல வெளுத்திருக்கும். மூன்று வார வேலை அதன் அடியில் இருக்கும்.