மண்வெட்டியை யார் கையில் கொடுப்பது

மேல்நிலைப் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டம் என்பது பாடவேளையிலிருந்து பிள்ளைகளைத் தப்பவிடும் ஏற்பாடு என்று ஆசிரியர் ஓய்வறைகளிலேயே பேசப்படுவதுண்டு. அவ்வாறு பேசுவோருள் பெரும்பாலோர் ஒரு சிறப்பு முகாமில் ஓர் இரவும் தங்காதவர்கள். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று அன்றைய மத்தியக் கல்வியமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிவைத்த இத்திட்டம், பின்னர் மேல்நிலை வகுப்புகளுக்கும் வந்தது. தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். சிறப்பு முகாம், அதாவது தேர்ந்தெடுத்த ஊரிலேயே தங்கி வேலை செய்வது, ஏழு நாள் நடக்கும். சட்டையில் குத்தும் சின்னத்திலுள்ள கோனார்க் சக்கரத்தின் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பவை என்பதை முதல் கூட்டத்திலேயே பிள்ளைகள் ஒப்பித்துவிடுவர். ஒப்பிப்பதால் தலைமை வந்துவிடுவதில்லை.

முகாமின் முதல் காலையில் பிள்ளைகள் ஐம்பது பேர், இரவல் வாங்கிய மண்வெட்டிகள் பன்னிரண்டு, சட்டிகள் எட்டு என்று கொண்டால், தலைமையின் கணக்கு அங்கே தொடங்குகிறது. குரல் பெரிதாக உள்ளவனைக் குழுத்தலைவனாக்கினால், அவன் நல்ல மண்வெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு மளமளவென்று வெட்டி, ஒன்பது மணிக்குள் உள்ளங்கையில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுகிறான்; முப்பது பேர் வேப்பமர நிழலில் கதை பேசுகின்றனர். வகுப்பில் வாய் திறவாத ஒரு பெண்ணோ, வெட்டுவோர், அள்ளுவோர், சுமப்போர், கொட்டிய மண்ணைப் பரப்புவோர் என்று ஆளைப் பிரித்து, கால் மணிக்கொரு முறை கைமாற்றிவிடுகிறாள். இவ்வேறுபாட்டை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

ஆயினும் முகாமில் கடினமான வேலை மண்வெட்டுவதன்று; திட்ட அலுவலர், அதாவது பாடம் நடத்துவதோடு இப்பொறுப்பையும் சுமக்கும் ஆசிரியர், பேசாமல் இருப்பதே. ஐம்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஏழு, ஏழரைக் கிலோ அரிசி வேண்டும். வீட்டில் அரைக்கிலோ பொங்கிப் பார்த்த பதினாறு வயதுப் பிள்ளை, தண்ணீரையும் அதே விகிதத்தில் பெருக்கி ஊற்றிவிட்டால் சோறு குழைந்துவிடும். அண்டாவின் பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கு அது ஊற்றும்போதே தெரியும். கொதிக்கும் அண்டாவை இறக்கும்போதும் புதரில் பாம்பு தென்படும்போதும் அவர் கத்தத்தான் வேண்டும். தண்ணீர் கூடியதற்குக் கத்தலாகாது. கரண்டியைப் பிடுங்கினால் அன்றைக்குச் சோறு பிழைக்கும், ஆனால் மிச்சமுள்ள நாள்களுக்கும் அவரே சமையற்காரராவார். இரவுக் கலந்தாய்வில், அன்றைய வேலையைப் பிள்ளைகளே அலசும் அந்தக் கூட்டத்தில், "தண்ணி அதிகமா வச்சது நான்தான்" என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லும் வரை காத்திருக்கப் பழக ஓர் ஆசிரியருக்குச் சில முகாம்கள் பிடிக்கும். சிலருக்குப் பணிக்காலம் முழுவதும் போதுவதில்லை. குழைந்த சோற்றைத் தின்ற ஐம்பது பேருக்கு முன்னால் சொல்லப்படும் அந்தச் சொல்லுக்குத்தான் பண்பு என்று பெயர்.

இப்போது ஏழு நாள் முகாம் பல இடங்களில் காலையில் போய் மாலையில் திரும்பும் உலாவாகச் சுருங்கிவிட்டது. இரவுத் தங்கல் இல்லை, ஆகவே கலந்தாய்வும் இல்லை; சோறு பொட்டலத்தில் வருகிறது. பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துப் பதிவேற்றிய பின், பணிக்குறிப்பேட்டில் ஈராண்டு மணிக்கணக்கு கடைசி வாரத்தில் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் நிரப்பப்படுகிறது. சீமைக்கருவேலம் அகற்றுவதாகச் சொல்லிப் படத்துக்கு அழகாக முழங்கால் உயரத்தில் வெட்டிப் போடுகின்றனர். கடப்பாரை போட்டு அடிக்கட்டையை வேரோடு பெயர்க்காவிட்டால் அது முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும் என்பது ஊர்க்காரர் எவருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை.

சான்றிதழில் கையெழுத்திடும் தலைமையாசிரியர்கள், அதற்கு முன் அந்தப் பணிக்குறிப்பேட்டை ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும்.