காய்ச்சலும் தங்கத் துகளும்

 

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றதும் நியூட்ரினோ ஆய்வகத் திட்டமே பலருக்கும் நினைவுக்கு வரும். 2015-ஆம் ஆண்டு மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்ததும், அவ்வட்டார மக்கள் எதிர்த்ததும் நாடறிந்த செய்தி. ஆனால், கண்ணுக்குப் புலப்படாத வேறொரு நுண்பொருள் எவ்வித ஆரவாரமுமின்றி நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டது. அதுதான் தங்கத் துகள்!

டெங்குக் காய்ச்சலை அறியும் சிறிய கார்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கம் மஞ்சளாக அன்றிச் சிவப்பாகத் தோன்றும். 1857-லேயே ஃபாரடே இதனை ஆராய்ந்தார். இத்துகள்களின் மீது நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பூசியிருப்பார்கள். இரத்தத்தில் டெங்குக் கிருமியின் 'என்.எஸ்.1' புரதம் இருந்தால், துகள்கள் அதனைப் பற்றிக்கொண்டு நகர்ந்து, ஓரிடத்தில் குவிந்து செந்நிறக் கோடாகத் தெரியும். இருபது நிமிடங்களில் விடை! கர்ப்பம் அறியும் கார்டும், கொரோனாக் காலத்துக் கார்டும் பெரும்பாலும் இவ்வகையே.

சென்ற மழைக்காலத்தில் பொட்டிப்புரத்தில் என் உறவினர் வீட்டுச் சிறுமிக்கு மூன்றாம் நாள் இச்சோதனை செய்ததில் கோடு தெரிந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்தது. "அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டாள்" என்று நன்னிமா மகிழ்ந்தார். மருத்துவரோ, "இனிமேல்தான் கண்காணிக்க வேண்டும் அம்மா" என்றார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையே ஆபத்தான வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு, சோர்வு ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அன்று மாலை வயிற்றுவலி எழுந்ததும், தாமதியாமல் தேனிக்குக் கொண்டு சென்றார்கள். சிறுமி நலமடைந்தாள். நோயின் பெயர் முன்கூட்டியே தெரிந்திராவிட்டால், அவ்வலியை அஜீரணம் என்றே எண்ணியிருப்பார்கள் அல்லவா?

எனினும், கார்டை மட்டுமே நம்பிவிடலாகாது. காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குப் பின் அப்புரதம் குறைந்துவிடும். கோடு தெரியாததால் நோயில்லை என்று முடிவு செய்வது தவறு. எலிசா சோதனையே உறுதியானது. மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தருவதும் இரத்தக்கசிவுக்கு வழிகோலும்.

நோய்க்கு மருந்தை நாடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்துள்ளார்கள். நோய் இன்னதென அறிவது அதன் முதற்படியன்றோ! வல்ல ரஹ்மான் நம் குழந்தைகள் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.