மூவாயிரம் அடி உயரத்துக் கணக்கு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய மூவாயிரம் அடியில் இருக்கிறது. இங்கே அடிக்கும் கோல்ஃப் பந்து சென்னையில் போவதைவிடக் கொஞ்சம் அதிக தூரம் போகும். ஆயிரம் அடி ஏறினால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும் என்பது ஆட்டக்காரர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. சென்னை நந்தனம் காஸ்மாபாலிடன் கிளப் மைதானத்தில் செவன் அயர்னால் 150 கஜம் அடிப்பவருக்கு இங்கே 155 கஜம் கிடைக்கும். கிளப் கணக்கில் இது அரை கிளப் வித்தியாசம்தான்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் இந்த ஐந்து கஜத்தை உயரம் தந்த பரிசாக நினைத்துக்கொள்வார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. காற்று மெலியும்போது பந்தைத் தடுக்கும் விசை குறைவதோடு, பின்சுழற்சி பந்தை மேலே தூக்கும் விசையும் குறைகிறது. அதனால் பந்து வழக்கமான உச்சிக்கு ஏறாமல் தாழ்வாகப் போய், சாய்வான கோணத்தில் தரையைத் தொடும். செங்குத்தாக விழும் பந்து நிற்கும், சாய்வாக விழுவது ஓடும். ஆகவே ஆட்டக்காரர் யோசிக்க வேண்டியது பந்து எங்கே விழும் என்பதை மட்டுமல்ல, விழுந்த பிறகு எவ்வளவு ஓடும் என்பதையும்தான். ஒரு நன்மையும் உண்டு. பக்கவாட்டில் வளையும் பந்து இங்கே கொஞ்சம் குறைவாகவே வளையும்.

உயரத்தின் கணக்கைப் பருவம் மாற்றிவிடும். டிசம்பர், ஜனவரி விடியலில் 15 டிகிரி குளிரில் காற்று இறுகி, உயரம் தந்த கூடுதலில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த பந்துக்குத் துள்ளலும் குறைவு. அதே மைதானத்தில் ஏப்ரல் மதியம் முழுப் பலனும் கிடைக்கும். ஈரக்காற்று கனமானது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நீராவி கலந்த காற்று வறண்ட காற்றைவிடச் சிறிது இலேசானது. சென்னையின் புழுக்கம் பந்தைத் தடுப்பதில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் மழை இருக்காது. ஃபேர்வேயின் அடியில் செம்மண் காய்ந்து கெட்டிப்படும். டிரைவர் அடி தரையைத் தொட்டதும் குதித்து ஓடி மரத்தடிக்குப் போய்விடும். 1876இல் தொடங்கப்பட்ட பெங்களூர் கோல்ஃப் கிளப் போல நகரத்துக்குள் மரங்கள் நெருக்கும் மைதானங்களில் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, த்ரீ வுட்டோ நீண்ட அயர்னோ எடுப்பதுதான் நல்ல புத்தி. ஓட்டமே மிச்ச தூரத்தைக் கொடுத்துவிடும்.

கிரீனை நோக்கி அடிக்கும்போது இந்தப் பாடம் இன்னும் கடுமையாகும். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் தெளித்த கிரீனில் பந்து விழுந்த இடம் குழியும். பதினொரு மணிக்கு அதே இடத்தில் நகத்தால் கீறியது போன்ற ஒரு தடம்தான். பந்து இரண்டு முறை துள்ளிப் பின்விளிம்பைத் தாண்டிவிடும். பின்னால் நிற்பது பெரும்பாலும் சரிவோ புதரோதான். பையைச் சுமந்து உடன் வரும் கேடி, “சார், செவன் வேணாம், எய்ட் போதும், முன்னாடி போட்டா ஓடிடும்” என்று சொன்னால் கேட்பது உத்தமம். கொடி கிரீனின் பின்பகுதியில் இருந்தாலும் முன்விளிம்பையே குறிவைக்கலாம். முன்னால் பங்கர் இருந்தால் மட்டும் கிரீனின் நடுவைக் குறிவைக்க வேண்டும். பட்டிங்கில் உயரத்துக்கு வேலை இல்லை. அங்கே புல் சாய்ந்திருக்கும் திசைதான் பேசும்.

தூரத்தைவிடக் கணக்கு பெரியது என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் ஆடப் பழகிய அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். ஆனாலும் நான்காம் இடத்தில் முடித்தார். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கத்துக்கான வாய்ப்பு நழுவியது. சரியான இடத்தில் பந்தை நிறுத்துவதும் பட்டிங்கும்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தின. தமிழ்நாட்டில் கோல்ஃப் கற்கும் பிள்ளைகள் அந்த நான்கு நாள் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து மைசூரு வழியாக ஊட்டிக்கு ஏறினால் கணக்கு இரட்டிப்புக்கும் மேல் போகிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் இருக்கும் ஜிம்கானா கிளப் மைதானத்தில் 150 கஜ அடி 162ஐத் தாண்டும். அதாவது ஒரு முழு கிளப் குறைத்து எடுக்க வேண்டும். 2017 முதல் 2020 வரை உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் ஆடிய மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சாபுல்டெபெக் மைதானமும் ஏறக்குறைய இதே உயரம்தான். அவர்களும் வழக்கமான தூரத்தில் சுமார் பத்து சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே கிளப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊட்டியில் இன்னொரு சிக்கல், மதியத்துக்கு மேல் இறங்கும் பனிமூட்டம். அது வந்தால் குளிரும் கூடும், காலையில் எழுதிவைத்த எண்கள் மாறும். ஒரு வாரம் அங்கே ஆடிவிட்டு நந்தனத்துக்குத் திரும்புகிறவருக்கு, முதல் சில குழிகளில் பந்து கிரீனுக்குப் பத்து கஜம் முன்னாலேயே விழுந்துகொண்டிருக்கும்.