பெயர் மாற்றமும் இயல் மாற்றமும்

பெயரை மாற்றுதல் எளிது. இயல்பை மாற்றுதல் அரிது. இவ்வுண்மையை யாம் நூல்களிற் பன்முறை படித்திருந்தும், ஓர் இசைக் கருவியின் முன் இரண்டு நாள் இடர்ப்பட்ட பின்னரே உள்ளவாறு உணர்ந்தோம்.

எம் ஆலயப் பாடற்குழுவைப் பல்லாண்டு பயிற்றிய முதியவர் ஒருவர் சென்ற மழைக்காலத்திற் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் பாடிய கீர்த்தனையொன்று எமது அலைபேசியிற் பதிவாகி இருந்தது. நினைவு ஆராதனையில் முதற் சரணத்தை அவர் குரலே பாட, இரண்டாஞ் சரணத்தைக் குழுவினர் தொடர்தல் வேண்டுமென்று துணிந்தோம். அதற்குக் குழுவின் பழைய சாம்பிளர் துணையாகும் என்று எண்ணினோம். அதன் அட்டையைத் தட்டினால், உள்ளே சேமித்த ஒலி அந்நொடியே எழும்.

அக்கருவி 'வேவ்' வகைக் கோப்பினையே ஏற்கும். எம்மிடம் இருந்ததோ அலைபேசி ஆக்கிய 'எம்4ஏ' கோப்பு. யாம் செய்தது யாதெனின், பெயரின் ஈற்றிலுள்ள எழுத்துக்களை அழித்து 'வேவ்' என்று எழுதியதே. கருவி அதனை ஏற்க மறுத்தது. ஞானஸ்நானத்திற் பெயர் மாறியும் நெஞ்சம் மாறாதாரைக் குறித்து எம் குருவானவர் இரங்கிக் கூறுவதுண்டு; அவ்விரக்கம் எம் கோப்புக்கும் உரியதாயிற்று.

நூலுக்குப் பாயிரம் போல வேவ் கோப்புக்குத் தலைப்பகுதி ஒன்றுண்டு. 1991-இல் மைக்ரோசாப்டும் ஐபிஎம்மும் வகுத்த அம்முறைப்படி, கோப்பின் முதல் நான்கு எழுத்துக்கள் 'ரிஃப்' என்றிருத்தல் வேண்டும். ஒலி எவ்வகையினது, விநாடிக்கு எத்துணை முறை அளக்கப்பட்டது, ஒவ்வோர் அளவும் எத்தனை பிட் என்பனவும் அப்பகுதியிலேயே கூறப்படும். கருவி நோக்குவது இப்பாயிரத்தையே, மேலட்டைப் பெயரையன்று.

பின்னர்க் கணினியில் முறையாக மாற்றினோம். அப்போதும் கருவி மறுத்தது. என்னை? மென்பொருள் தன் வழக்கப்படி 32 பிட் மிதவைப் புள்ளி எண்களாக எழுதியிருந்தது. அதுவும் வேவ் கோப்பே. ஆயின் வேவ் என்னும் ஒரு பெயர்க்கீழ் வகை பல உள. முழு எண் ஒலிக்குக் குறியெண் 1. மிதவைப் புள்ளி ஒலிக்கு 3. எம் கருவி முன்னதையே அறியும்.

மூன்றாம் முறை 16 பிட் முழு எண்ணாக்கினோம். கருவி பாடிற்று! யாம் மகிழ்ந்தோம். விசைப்பலகையோடு சுருதி சேரவில்லை; அவர் அன்று தாழ்த்திப் பாடினார் போலும் என்று எமக்குள்ளே அமைதி கூறிக்கொண்டு, விசைப்பலகையின் சுருதியை இறக்கிப் பொருத்தினோம்.

ஒத்திகை கேட்க அவர் மனைவியார் வந்தார். ஓரடி முடியுமுன்னே, "தம்பிமாரே, பாட்டு அவருடையதுதான், குரல் அவருடையதன்று" என்றார். யாம் வெட்கித் தலை குனிந்தோம்.

அதன் பின்னரே கருவியின் கையேட்டை எடுத்துப் பார்த்தோம். 16 பிட், விநாடிக்கு 44,100 அளவு என்று ஒரு வரியில் அடங்கியிருந்தது செய்தி. 1982-இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டின் கணக்கும் இதுவே. எம் பதிவோ விநாடிக்கு 48,000 அளவினது. கருவி அதனை மறுக்கவுமில்லை, மாற்றவுமில்லை; தன் வேகத்திலேயே படித்தது. ஆகவே 60 விநாடிப் பாட்டு 65 விநாடிக்கு மேல் நீண்டது. குரலும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் தாழ்ந்து அயலார் குரலாயிற்று. மறுத்த பிழையினும் ஏற்ற பிழையே கொடிது. மறுத்தது எம்மைத் தேடச் செய்தது. ஏற்றதோ எம்மை உறங்கச் செய்தது.

மூலப் பதிவு அழியாதிருந்தமை நற்பேறு. அதிலிருந்து 44,100 அளவாக மீளக் கணக்கிட்டு, 16 பிட் முழு எண்ணாக எழுதினோம். அலைபேசி சுருக்குங்கால் விடுத்த நுண்ணொலிகள் மீளா. மாற்றுதல் இழந்ததைத் தருவதன்று. ஆயினும் வேகமும் சுருதியும் நேராயின. விசைப்பலகையையும் அதன் பழைய சுருதிக்கே உயர்த்தினோம்.

ஆராதனையன்று அட்டையைத் தட்டினோம். அம்மையார் கண்களை மூடிக்கொண்டார். இரண்டாஞ் சரணத்தில் அவரும் எம்மோடு சேர்ந்து பாடினார்.

இனி எக்கோப்பினை மாற்றினும், கையேட்டை முதலிற் படிப்போம். மூலத்தைத் தொடாது காப்போம். கருவி பாடிவிட்டது என்பதனோடு அமையாது, அக்குரலை அறிந்தார் ஒருவரை அழைத்துக் கேட்பிப்போம்.