நம் வீட்டு மைனர்

நம் வீட்டில் ஒரு மைனர் இருக்கிறார். வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஆயினும் அந்தப் பட்டம் அவரை விட்டபாடில்லை. 1961ஆம் வருடத்து மொரிஸ் மைனர் 1000 என்பது அவருடைய பூரண நாமதேயம். கொடகவெலையை அடுத்த தோட்டமொன்றில் மருந்தாளராயிருந்த நமது தந்தையார், தாய்நாடு திரும்பிய ஒரு துரையிடமிருந்து அதை வாங்கினார். பிரசவ வேதனையுற்ற தோட்டத்துப் பெண்களை நள்ளிரவில் கஹவத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற வண்டி அது. 2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டுக் கிடந்த காலத்தில் நல்ல விலை கேட்டுப் பலர் வந்தனர். நமக்கு விற்க மனம் ஒப்பவில்லை.

இப்பொழுது வேறொரு சிக்கல். எம்பிலிப்பிட்டியவில் உத்தியோகம் பார்க்கும் நமது புதல்வன், தினமும் அதிலேயே போய்வர விரும்புகிறான். "டட்சன் சனியின் 1200 எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பூட்டிவிடுவோம், அப்பா. பின்னால் பஸ் வந்தால் ஓரங்கட்ட வேண்டியதில்லை" என்றான்.

யோசனை தவறன்று. பழைய 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் தருவது 37 குதிரைவலு மாத்திரமே. தவிரவும், இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1952இல் நிஸான் கம்பெனி பிரித்தானிய ஒஸ்டினுடன் ஒப்பந்தம் செய்து, அதன் கார்களை ஜப்பானில் கட்டித் தொழில் பயின்றது. அவ்வருடமே ஒஸ்டினும் மொரிஸும் ஒரே நிறுவனமாக இணைந்தன. மாணாக்கன் செய்த எஞ்சினை ஆசான் வீட்டு வண்டியில் ஏற்றுவதில் குறையென்ன? நாமும் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டோம்.

அந்த நிலையில்தான், சென்ற தைப்பொங்கலை அடுத்த ஞாயிறன்று, இறக்குவானைக்கு அப்பாலுள்ள மலைப்பாதையில் குடும்பத்தோடு இறங்கி வந்தோம். கொண்டை ஊசி வளைவொன்றில் பிரேக்கை மிதித்தபோது, மிதிபலகை ஒரு தடையுமின்றித் தரைவரை போயிற்று. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப் பிரேக்கை வலித்து இழுத்தோம். வண்டி மண்திட்டோடு உராய்ந்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை, இல்லாளின் மடியிலிருந்த பலகாரப் பெட்டி மாத்திரம் கவிழ்ந்தது. வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது, அவ்வளவே. ஆனால் இவ்வண்டியின் பிரேக் எண்ணெய் நான்கு சில்லுகளுக்கும் ஒரே வழியாகச் செல்வதால், ஓரிடத்தில் ஒழுகினால் எல்லாமே போய்விடும்.

மறுநாள் கராஜ் பாஸ் வந்தார். சிங்களவராயினும் தோட்டத்துத் தமிழைத் தடங்கலின்றிப் பேசுபவர். எஞ்சின் பேச்சை எடுத்த புதல்வனிடம் அவர் ஒரு கணக்குச் சொன்னார். நாற்பதில் ஓடும் வண்டியை அறுபதில் ஓட்டினால், வேகம் கூடுவது ஒன்றரை மடங்கு. அதை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்கு. ஏழு அங்குல டிரம் பிரேக் மலையிறக்கத்தில் சூடேறிச் சோர்ந்துவிடும். ஆகவே முதலில் இரட்டை வழிப் பிரேக்கும் முன்சில்லுகளுக்கு டிஸ்க்கும்.

அடுத்தது முன்பாகம். சில்லைத் தாங்கும் தண்டு, மேலும் கீழுமுள்ள மரைக் குடைகளுக்குள் திருகித் திரும்புகிறது. கிறீஸ் வற்றினால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லே மடிந்து விழும். பழைய ஷொக் அப்ஸோபரைக் கழற்றிப் புதிய குழாய் வகையைப் பூட்டலாமென்றால், அங்கும் ஒரு பொறி: பழையதன் கைதான் சில்லின் மேல்தாங்கியும். அதற்கு ஈடு செய்யாமல் கழற்றலாகாது. பின்னால் இருப்பவை வெறும் இலை ஸ்பிரிங்குகள். எஞ்சினின் முறுக்கு கூடினால் அச்சு துள்ளும், அதைப் பிடித்து நிறுத்தத் தனிக் கம்பிகள் வேண்டும். ஸ்டியரிங்கை மட்டும் தொட வேண்டாமாம். அது இன்றைக்கும் நல்லதே.

தந்தையாரின் வண்டியை இவ்வளவு வெட்டுவதா என்று நமக்கு உள்ளூர ஒரு கலக்கம். அப்பொழுது புதல்வன் பொனெற்றின் நடுவிலோடும் பட்டையைக் காட்டினான். 1948இல் இந்த மொடல் வெளிவருமுன், அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாயிருக்கிறதென்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். அந்தத் தழும்புதான் பட்டை. பிறக்குமுன்பே சத்திரசிகிச்சை கண்ட வண்டிக்கு நாம் இரங்குவானேன்?

ஆகவே இவ்வருடம் பிரேக்கும் முன்பாகமும். அடுத்த வருடம் பின் ஸ்பிரிங்கும் கியர் பெட்டியும். எஞ்சின் கடைசியில்தான், இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு வேறு அலைய வேண்டும். புதல்வன் முகம் சுளித்தான்; ஆயினும் அந்த வளைவு அவனுக்கும் மறக்கவில்லை.

கழற்றும் பழைய எஞ்சினை விற்கலாகாது என்பது நமது ஒரே நிபந்தனை. அதை வீட்டில் எங்கே வைப்பதாம் என்று இல்லாள் கேட்டிருக்கிறாள். நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.