முயலின் காது

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளைங்க விளையாடுறதா சார்?" என்று கேட்பார்கள். நீலக் கோட்டு போட்ட முயல், சால்வை போர்த்திய வாத்து, சலவை செய்யும் முள்ளெலி என்று 17 பீங்கான் உருவங்கள். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு அங்குல உயரம்தான். எல்லாம் என் மனைவி சேர்த்தவை. நான் பை தூக்கியவன், சமயத்தில் பணம் கொடுத்தவன்.

அவள் முப்பது வருடம் பாளையங்கோட்டையில் ஆங்கில டீச்சர். பீட்டர் ராபிட் கதையைப் பள்ளி நூலகத்தில் அவளே சிறுமியாகப் படித்திருக்கிறாள். பிறகு எங்கள் மகளுக்குச் சொன்னாள். அதனால் எனக்கும் மனப்பாடம். அம்மா முயல், "மெக்ரெகர் தோட்டத்துக்கு மட்டும் போகாதீங்க, உங்க அப்பாவை அங்கேதான் பிடித்துச் சமைத்துவிட்டார்கள்" என்று சொல்லியும் பீட்டர் போகிறான். கோட்டையும் செருப்பையும் இழந்து உயிர் தப்பி வருகிறான். அப்பாவைச் சமைத்த கதையைக் குழந்தைக்குச் சொல்லலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "நம்ம கதையில ராட்சசனும் பேயும் வரலையா?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

கதை பிறந்த விதமே நன்றாக இருக்கும். பியாட்ரிக்ஸ் பாட்டர் லண்டனில் 1866இல் பிறந்தவர். தமக்குப் பாடம் சொல்லித் தந்த டீச்சரின் ஐந்து வயது மகன் நோயில் படுத்திருந்தான். 1893 செப்டம்பரில், அவனுக்கு எழுத வேறு ஒன்றும் தோன்றாமல், படம் வரைந்து ஒரு முயல் கதையைக் கடிதமாக அனுப்பினார். பின்னால் அதைப் புத்தகமாக்க முயன்றபோது பதிப்பாளர்கள் கைவிரித்தார்கள். 1901 டிசம்பரில் சொந்தப் பணத்தில் 250 பிரதி அச்சடித்தார். அடுத்த ஆண்டு ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. அதன் பிறகு நிற்கவே இல்லை.

பொம்மை வியாபாரத்திலும் அந்த அம்மாள் கெட்டிக்காரி. 1903இலேயே பீட்டர் துணி பொம்மையைத் தன் கையால் தைத்து, லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டார். அமெரிக்காவில் புத்தகத்துக்குப் பதிப்புரிமை வாங்காமல் விட்டதால் அங்கே கண்டவர்களும் அச்சடித்து விற்றார்கள். அந்த அடி பொம்மையிலாவது விழாமல் பார்த்துக்கொண்டார். வந்த பணத்தில் ஏரி மாவட்டத்தில் பண்ணை பண்ணையாக வாங்கி, 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேல் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். முயல் சம்பாதித்த நிலம் என்று என் மனைவி சொல்வாள்.

எங்கள் அலமாரியில் இருப்பவை அவர் கண்ணால் பார்க்காதவை. ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரின் லாங்டன் பகுதியில் இருந்த பெஸ்விக் பீங்கான் ஆலையில் செய்தவை. 1947இல் முதலாளியின் மனைவி லூசி பெஸ்விக் ஏரி மாவட்டத்துக்குப் போய்வந்து, அந்த வாத்தைப் பீங்கானில் செய்தால் என்ன என்று கேட்டாராம். ஆர்தர் கிரெடிங்டன் என்ற சிற்பி செய்து கொடுத்தார். 1948இல் பத்து உருவங்கள் கடைக்கு வந்தன. பிறகு ஐம்பது வருடத்துக்கும் மேல் செய்துகொண்டே இருந்தார்கள். ஆலை 2002இல் மூடப்பட்டது.

எங்கள் மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். 2009இல் பிரசவத்துக்காக ஆறு மாதம் போயிருந்தோம். அங்கே சேரிட்டி ஷாப் என்று தெருவுக்குத் தெரு உண்டு. ஜனங்கள் வேண்டாம் என்று கொடுத்ததை விற்று நல்ல காரியத்துக்குச் செலவிடுவார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அந்த வழியாகப் போனபோதுதான் அந்த வாத்து, ஜெமைமா, கண்ணில் பட்டது. 8 பவுண்டு. நான் உடனே ரூபாயில் பெருக்கினேன். 600க்கு மேல் வந்தது. அவள் பெருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார் பூட் சேல். ஒரு மைதானத்தில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் கிடந்ததை எல்லாம் பரப்பி விற்பார்கள். நம்ம ஊர் வாரச்சந்தைதான், குளிர் மட்டும் அதிகம். அங்கே அவள் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. முதலில் உருவத்தைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். முத்திரை தங்க நிறத்தில் இருந்தால் 1970களின் தொடக்கத்துக்கு முந்தியது, பழுப்பு என்றால் பிந்தியது. பீட்டரின் கோட்டு அடர்நீலமாக இருந்தால் பழைய வார்ப்பு. பெஞ்சமின் என்கிற முயலுக்கு ஆரம்பத்தில் காதும் செருப்பும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை உடைந்து உடைந்து தொல்லை தந்ததால் முதலில் செருப்பையும் பிறகு காதையும் உடம்போடு ஒட்ட வைத்துவிட்டார்கள். காது வெளியே இருக்கிற பெஞ்சமினுக்குத்தான் மதிப்பு. டச்சஸ் என்ற கறுப்பு நாய், கையில் பூங்கொத்தோடு இருப்பது, 1955 முதல் 1967 வரை செய்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் சீண்டவில்லை. அதனாலேயே இன்று அதன் விலை நமக்கு எட்டாது.

அப்புறம் ஒட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகத்தால் சுண்டினால் விரிசல் இல்லாதது கணீர் என்று கேட்கும். உடைந்து, ஒட்டி, வண்ணம் பூசி மறைத்திருந்தால் பல்லில் மெதுவாகத் தேய்த்துப் பார்ப்பார்கள். பீங்கான் பளபளப்பு பல்லில் கண்ணாடிபோல வழுக்கும், பூச்சு மந்தமாக இருக்கும். ஒரு டீச்சரம்மா மைதானத்தில் நின்று முயல் காதைக் கடிப்பதை நான் பார்க்காத மாதிரி நின்றுகொள்வேன்.

முள்ளெலியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டில் முள்ளெலி உண்டு. கிராமத்தில் அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கக்குவான் இருமலுக்குக் கொடுப்பார்கள். அங்கேயோ அதற்குத் தொப்பி வைத்து, துணி துவைக்க விட்டிருக்கிறார்கள்.

2014இல் அவளுக்குக் கிளாக்கோமா என்று தெரிந்தது. ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் பார்வையைத் தின்றுகொண்டு வரும் நோய். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். இரண்டு வேளையும் நான்தான் போட்டுவிடுகிறேன். மூன்று வருடத்தில் முத்திரையின் எழுத்து அவளுக்குத் தெரியாமல் போனது. பிறகு கோட்டின் நீலம் அடர்நீலமா இளநீலமா என்பதும்.

மகள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். "அம்மா, விலை வருஷா வருஷம் இறங்கிட்டே வருது. சேர்த்தவங்க எல்லாம் வயசாகிப் போறாங்க, பிள்ளைங்க விற்கிறாங்க. உன்னால பார்க்கவும் முடியல. நல்ல விலை வர்றதை இப்பவே கொடுத்துடலாமா?" அவள் சொன்ன கணக்கு சரி. சாதாரண உருவங்கள் இன்று 10, 15 பவுண்டுக்குக் கிடைக்கின்றன. மனைவி, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவள் யோசித்துச் சொல்கிற ஆள் இல்லை. அன்று ராத்திரி அலமாரி கதவு திறக்கும் சத்தம் கேட்டது. விளக்குப் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, தடவி, பெயர் சொல்லி, திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போகவில்லை.

2019இல் கடைசியாகப் போனபோது ஒரு பழம்பொருள் சந்தைக்கு அழைத்துப் போகச் சொன்னாள். ஒரு பெரியவர் மேஜையில் மூன்று பெஞ்சமின் இருந்தன. அவள் முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்க்கக்கூட இல்லை. மூன்றையும் விரலால் தடவினாள். "என்னங்க, இதுக்குக் காது வெளியே இருக்கு" என்று மூன்றாவதைப் பிடித்துக்கொண்டாள். 45 பவுண்டு சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுண்டினாள், பிறகு காதின் நுனியைப் பல்லில் வைத்தாள். "நுனி ஒட்டு போட்டது" என்று அந்தப் பெரியவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் நம்பாமல் கண்ணாடியை மாட்டி, பூதக்கண்ணாடியும் எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "மேடம், நான் இதை இரண்டு வருஷமா வச்சிருக்கேன்" என்றார். 25க்குத் தருகிறேன் என்றார். இவள் 15 என்றாள். 20இல் முடிந்தது.

விற்கும் பேச்சை மகள் பிறகு எடுக்கவில்லை. அலமாரியை மட்டும் ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றிவிட்டோம். மேல்தட்டில் இருந்த பாதி உருவங்கள் இப்போது அவள் கை எட்டும் உயரத்தில், நழுவாமல் இருக்க ஓரத்தில் சின்னச் சட்டம் வைத்து நிற்கின்றன.