மேக் ஏன் கடிகாரம் பார்க்கிறது?

பழைய சி புராஜெக்ட் ஒன்றை ஜிட்டிலிருந்து கிளோன் செய்து பில்ட் ஓட்டினேன். ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் பைசன் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. இலக்கண விதிகளைக் கொடுத்தால் பார்ஸர் எழுதித் தரும் கருவி பைசன். அது எழுதிய சி கோப்புதான் ரெப்போவிலேயே கிடக்கிறதே, மறுபடி எதற்கு? பக்கத்து இருக்கைக்காரருக்கோ அதே கிளை சிக்கலின்றி ஓடியது.

பில்டை நடத்தும் கருவியான மேக், கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எது கடைசியாக மாறியது என்று மட்டுமே பார்க்கும். ஜிட்டோ அந்த நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை. செக்அவுட்டில் விதிக்கோப்பு ஒரு கணம் பிந்தி எழுதப்பட்டால் போதும், பார்ஸர் பழசாகிவிட்டது என்று மேக் முடிவு கட்டிவிடும். ஜிசிசியில் இதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது: கருவிகள் எழுதிய கோப்புகளுக்குப் புது நேரம் போட்டுவிடும். அவ்வளவு பெரிய திட்டத்துக்கும் இந்தத் தலைவலி!

நேரத்தை நம்பும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1976இன் பெல் ஆய்வகத்தில் போய் நிற்கிறது. ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். பிழையை முன்பே திருத்தியாயிற்று; கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்திருந்தார். அந்த எரிச்சலோடு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். முந்தின மாலை ஃபெல்ட்மனுக்கும் இதே கதைதான். மேக் பிறந்தது அப்படி. இந்த ஜான்சன்தான் யாக் என்ற பார்ஸர் கருவியை எழுதியவர். பைசனுக்கு முன்னோடி அதுவே. ஆக, கோடு எழுதும் கருவியும் அதன் விளைச்சலை மேய்க்கும் கருவியும் ஒரே இடத்தில் உருவானவை. எல்லாரும் ஒரே கணினியில் வேலை பார்த்தவரை கடிகாரம் போதுமானதாக இருந்தது.

கருவி எழுதிய கோப்பை மூலக்கோடோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்துக்கும் நியாயம் உண்டு. 1991இல் டேவிட் மெக்கன்ஸி தொடங்கிய ஆட்டோகான்ஃப் ஒரு நீண்ட கான்ஃபிகர் ஸ்கிரிப்டை எழுதித் தரும். நிறுவுகிறவரிடம் ஆட்டோகான்ஃப் இருக்க வேண்டியதில்லை, ஷெல் இருந்தால் போதும். அதனால் வெளியீட்டு டார் கோப்பில் அது ஏறியது. பல திட்டங்களின் ரெப்போவில் ஏறவில்லை. இரண்டும் வெவ்வேறு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்த இடைவெளியில்தான் 2024இல் ஒருவர் புகுந்தார். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளின் டார் கோப்பில் இருந்த, கான்ஃபிகரை உருவாக்கப் பயன்படும் திருத்தப்பட்ட எம்4 கோப்பு ஜிட்டில் இல்லை. பில்டின்போது அது, சோதனைக் கோப்புகளுக்குள் மறைத்து வைத்திருந்த பின்கதவை வெளியே எடுத்தது. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி கூடுதலாக இழுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் துருவியதால்தான் மார்ச் 29 அன்று விஷயம் வெளிவந்தது. கருவி எழுதித் தந்த கோப்பை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

இதற்கெல்லாம் எனக்குப் பிடித்தது எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் வழி. பார்ஸரை எழுதும் லெமன் கருவியின் மூலக்கோடே அந்த ரெப்போவில் இருக்கிறது. முதலில் லெமனைக் கம்பைல் செய்து, அதை வைத்துப் பார்ஸரை உருவாக்குவார்கள். பார்ஸருக்குச் சி கம்பைலர் இருந்தால் ஆயிற்று.

பைசனை அப்படி உள்ளே இழுத்துக்கொள்ள எங்களால் முடியாது. பதிலாக, குறித்த ஒரு பைசன் பதிப்பைக் கொண்டு எங்கள் தானியங்கி பில்ட் அமைப்பு (சிஐ) ஒவ்வொரு முறையும் பார்ஸரைப் புதிதாக எழுதும். ரெப்போவில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் பில்ட் விழும். முதல் ஓட்டத்திலேயே விழுந்தது. யாரோ எப்போதோ பார்ஸர் கோப்பில் கையால் ஒரு நினைவகக் கசிவை அடைத்திருக்கிறார். விதிக்கோப்பில் அந்தத் திருத்தம் இல்லை. அதை விதிக்கோப்புக்கு மாற்றிக் கமிட் செய்தேன்.